வலிக்கு எண் கண்ட வாரியம்

தத்துக்கிளிக்கு வலிக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எவ்வளவு வலிக்கிறது என்பதில்தான் அரசாங்கம் இன்னும் ஒரு முடிவுக்கு வந்திருக்கவில்லை.

அவளுக்கு ஒன்பது வயது. கடைக்கு அனுப்பினாலும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாலும் தத்தித் தத்திக் குதித்தே போவாள் என்பதால் வீட்டில் அந்தப் பெயர் விழுந்தது. போன வருடம் முழங்கால்கள் வீங்கின. அப்புறம் கணுக்கால், அப்புறம் கைவிரல்கள். குதிப்பது நின்றுபோனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது பென்சிலைப் பிடித்து ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கம் எழுதுவதற்குள் விரல்களைத் தொடையிடுக்கில் வைத்துச் சூடு காட்டிக்கொள்கிறாள். வகுப்பில் எல்லோரும் தரையில் உட்காரும்போது இவள் மட்டும் சுவரோரமாக நிற்கிறாள். டீச்சர் அதைத் திமிர் என்று நினைத்து ஒருநாள் திட்டியும் விட்டார்.

அவளுடைய அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அம்மா ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிறவர். இருவரும் மாற்றி மாற்றி லீவு போட்டு மகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே மூட்டு நோய் பார்க்கிற டாக்டரம்மா நல்ல மாதிரி. குழந்தையின் முழங்காலைத் தொடுவதற்கு முன்னால் தன் கையை உரசிச் சூடாக்கிக்கொண்டு தொட்டார். இதற்கு ஓர் ஊசி இருக்கிறது, நன்றாகக் கேட்கும், பெரியவர்களுக்குத் தினம் போடுகிறேன், மருந்து பக்கத்து அறைக் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருக்கிறது என்றார்.

"அப்ப இன்னைக்கே போட்டுடுங்க டாக்டர்" என்றார் ஓட்டுநர்.

"எனக்கும் ஆசைதான். ஆனா பிள்ளைங்களுக்கு இன்னும் எண் வரலையே."

எண் என்றதும் அவர் டோக்கன் என்று நினைத்துக்கொண்டார். எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டார். டாக்டரம்மா ஒரு விலாசம் சொன்னார். மறுநாள் அவர் விடியற்காலையிலேயே போய், குழந்தைத் துன்ப மதிப்பீட்டு வாரியத்தின் வாசலில் முதல் ஆளாக நின்றார். அவருக்குப் பின்னால் யாரும் வந்து நிற்கவில்லை. அப்போதே அவருக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

வாரியம் நல்ல உயரமான கட்டடம். சுவரெங்கும் சிரிக்கிற குழந்தைகளின் படங்கள். ஒரு படத்திலும் ஒரு குழந்தைக்கும் சளிகூடப் பிடித்திருக்கவில்லை. உள்ளே போனால் ஆளரவம் இல்லாத நீளமான நடைபாதை, கடைசியில் 'விளக்க அதிகாரி' என்று பலகை போட்ட அறை. வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது மட்டுமே அவர் உத்தியோகம். அதிகம் பேர் வராததால் வந்தவரை அவர் லேசில் விடுவதாக இல்லை.

டோக்கன் கேட்டு வந்தவரை உட்காரவைத்து அவர் பொறுமையாக ஆரம்பித்தார். ஊசி விலை அதிகம். அந்த விலைக்கு எவ்வளவு நன்மை கிடைக்கிறது என்று தெரிய வேண்டும். நன்மையை அளக்க முதலில் துன்பத்தை அளக்க வேண்டும். முழு ஆரோக்கியம் என்றால் ஒன்று, சாவு என்றால் பூஜ்யம். நடுவில் ஒவ்வொரு துன்பத்துக்கும் ஓர் எண் உண்டு. எண் கீழே போகப் போகத் துன்பம் பெரிசு, அதைத் தீர்க்கிற மருந்துக்கு மதிப்பும் பெரிசு. பெரியவர்களின் எல்லா வலிக்கும் வாரியத்திடம் எண் தயாராக இருக்கிறது. குழந்தைகளுக்குத்தான் இனிமேல் கண்டுபிடிக்க வேண்டும்.

"வலிங்கறது உணர்ச்சி. அரசாங்கம் உணர்ச்சிக்கு நிதி ஒதுக்க முடியாதுங்க. எண்ணுக்குத்தான் ஒதுக்கும்" என்றார்.

அப்படியானால் மகளை நாளைக்கே கூட்டிக்கொண்டு வருகிறேன், எவ்வளவு வலிக்கிறது என்று அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார் ஓட்டுநர். வாரத்தில் எந்த நாள் வசதி என்றும் கேட்டார்.

விளக்க அதிகாரி, பச்சைப்பிள்ளை சொன்னதைக் கேட்டதுபோல் சிரித்தார். குழந்தைகள் பொதுமக்கள் ஆகமாட்டார்கள் என்றார். வரி கட்டுவதில்லை, ஓட்டுப் போடுவதில்லை. சாவு என்றால் என்ன என்று கேட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொன்று சொல்லும். போதாததற்கு, வலிக்கிறதா என்று கேட்டால் மிட்டாயைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடும். அவற்றை நம்பிக் கொள்கை வகுக்க முடியாது.

"அப்ப டாக்டருங்ககிட்ட கேளுங்க."

"அவங்க நேர்ல பாத்தவங்க. மிகைப்படுத்துவாங்க."

"எங்களை மாதிரி பெத்தவங்க?"

"நீங்க பாதிக்கப்பட்டவங்க. உங்க கருத்துல பாரபட்சம் இருக்கும்." அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்க ஆயிரம் பேரைப் பிடிச்சு அவங்ககிட்ட கேக்கப்போறோம். தெரியாதவங்கதான் சார் நடுநிலை. அனுபவம் கலந்துட்டா கருத்து கெட்டுப்போயிடும்."

வெளியே வந்த ஓட்டுநர் அன்று பகல் முழுக்கப் பேருந்தை ஓட்டினார். ஓட்டத் தெரியாதவன் எவனையாவது பிடித்து ஸ்டீயரிங்கில் உட்காரவைத்தால் அது எப்படி நடுநிலையாகும் என்ற யோசனையில் இரண்டு நிறுத்தங்களில் நிறுத்தாமல் போய் வசை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. குளிரில் தத்துக்கிளியின் மூட்டுகள் இன்னும் வீங்கின. டாக்டரம்மா கொடுத்த மாத்திரைகள் வலியைக் கொஞ்சம் தணித்து வயிற்றைப் புண்ணாக்கின. அப்போதுதான் வாரியத்தின் வண்டி பொதுமக்களைத் தேடிப் பேருந்துப் பணிமனைக்கு வந்தது. ஓட்டுநர்கள், நடத்துநர்கள், வண்டி கழுவுகிறவர்கள் எல்லோர் பெயரையும் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். எடுத்ததில் ஓட்டுநரின் பெயரும் வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அங்க போய் நம்ம பொண்ணைப் பத்தி மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா துரத்திடுவாங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் வேண்டாம். வாயத் திறக்காதீங்க, அது போதும். கடவுளாப் பாத்து உங்க பேரை எடுத்திருக்காரு. இந்த வலி பெரிய வலின்னு பதில் சொல்லிட்டு வாங்க."

அவரும் அப்படியே தீர்மானித்துக்கொண்டு போனார். வாரியத்தின் மேல்மாடியில் தட்டி வைத்துத் தடுத்த சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, ஒரு கேள்வி கேட்கும் பெண். அவருக்கு வாய்த்த பெண் சின்ன வயது. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். கையேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பத்து வயசுக் குழந்தையை நினைச்சுக்கங்க சார்."

நினைத்துக்கொண்டார்.

"அது யாரோட குழந்தையும் இல்லை. உங்களுக்குத் தெரிஞ்ச குழந்தையா இருக்கக் கூடாது."

கஷ்டப்பட்டு, தெரியாத குழந்தையாக மாற்றிக்கொண்டார். ஆணா பெண்ணா என்று கேட்டதற்கு, அதைச் சொல்ல அனுமதி இல்லை என்றாள். பெயரும் கிடையாது. அப்பா அம்மா இல்லாத பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், சாப்பாடு யார் போடுகிறார்கள் என்று அவர் விசாரித்தார். அவள் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றாள். ஆனால் அடுத்த தட்டிக்குள் ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தப் பிள்ளையைத் தானே எடுத்து வளர்க்கட்டுமா என்று கேட்பது இவருக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

திரையில் இரண்டு கட்டங்கள் வந்தன. அவள் படித்தாள். முதல் வாழ்க்கையில் அந்தக் குழந்தைக்கு நடப்பது சிரமம், வலி நிறைய. அப்படியே பத்து வருடம் வாழும், பிறகு இறந்துவிடும். இரண்டாவது வாழ்க்கையில் வலியே கிடையாது, ஓடும் ஆடும். ஆனால் ஒன்பது வருடம்தான். பிறகு இறந்துவிடும். இரண்டில் எது மேல்?

"ரெண்டுலயும் செத்துடுதேம்மா."

"ஆமா சார். அது மாறாது."

"ஊசி கீசி போட்டு முதல் பிள்ளையோட வலியைக் குறைக்கற மாதிரி ஒண்ணும் இல்லையா?"

"மூணாவது பொத்தான் கிடையாது சார்."

வலி பெரிசு என்று சொல்வதற்காக வந்தவர் அதைச் சொல்லும் பொத்தானைத் தேடினார். அங்கே இருந்தவை இரண்டுதான். பிள்ளையின் ஆயுளில் ஒரு வருடத்தைப் பறிக்கலாம், அல்லது பறிக்காமல் விடலாம். அவர் பறிக்கவில்லை. முதல் கட்டத்தை அழுத்தினார். அவள் இரண்டாவது வாழ்க்கையை ஒன்பதரை வருடமாக நீட்டினாள். அப்போதும் முதலையே அழுத்தினார். பத்து வருடத்துக்கு ஒரு மாதம் குறைவு என்றாள், ஒரு வாரம் என்றாள். காய்கறிக்காரியிடம்கூட அவர் இவ்வளவு கறாராக இருந்ததில்லை.

"ஒரே ஒரு நாள் சார். ஒரு நாள் குறைச்சா அது வலியே இல்லாம வாழும்."

"அந்த ஒரு நாள்ல அது என்ன பண்ணும்னு உனக்குத் தெரியுமாம்மா?"

அவள் மறுபடியும் பக்கங்களைப் புரட்டினாள். கையேட்டில் அதற்கும் பதில் இருந்திருக்காது. எல்லாக் கேள்விக்கும் அவர் பத்து வருடத்தையும் கொடுத்துவிட்டு வந்தார். வெளியே எல்லோருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, ஒரு வருடம்கூட விட்டுக்கொடுக்கவில்லை என்று சொன்னபோது மனைவிக்குப் பெருமையாக இருந்தது. பொதுமக்களில் எத்தனை பேர் இப்படி உறுதியாக நின்றிருப்பார்களோ என்று இருவரும் கவலைப்பட்டார்கள்.

அந்தக் கவலைக்கு அவசியமே இருக்கவில்லை. முடிவு வெளியான அன்று ஓட்டுநர் மகளோடு ஆஸ்பத்திரியில் காத்திருந்தார். கூடத்துத் தொலைக்காட்சியில் வாரியத்தின் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு, கனிந்த குரல், கழுத்தில் மாலை.

"நம் மக்கள் குழந்தைகளை எந்த அளவுக்கு நேசிக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கும்போது என் கண்கள் பனிக்கின்றன" என்றார் இயக்குநர். "எவ்வளவு கடுமையான வலியைச் சொன்னபோதும், அதைப் போக்குவதற்காக ஒரு குழந்தையின் ஆயுளில் ஒரு நாளைக்கூட விட்டுத்தர அவர்களில் பெரும்பாலோர் சம்மதிக்கவில்லை. ஆகவே, நம் குழந்தைகளின் வலி மிக மிகச் சொற்பமானது என்பது இன்று விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாகியிருக்கிறது. நம் குழந்தைகள் கொடுத்து வைத்தவர்கள்."

கைதட்டல் வெகுநேரம் கேட்டது. ஆஸ்பத்திரிக் கூடத்தில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியும், எல்லோரும் தட்டுகிறார்களே என்று தொடையில் லேசாகத் தட்டினாள்.

டாக்டரம்மாவிடம் எண் வந்து சேர்ந்திருந்தது. பெரியவர்களுக்கு இதே வலி பாதி வாழ்க்கையைத் தின்றுவிடுகிறது, ஆகையால் ஊசி உண்டு. குழந்தைகளுக்கு வாழ்க்கையில் நூற்றில் மூன்று பங்குதான் குறைகிறது, அந்த மூன்று பங்குக்கு இவ்வளவு விலையுள்ள ஊசி கட்டுப்படியாகாது. டாக்டரம்மா இதைச் சொல்லும்போது தத்துக்கிளியைப் பார்க்காமல் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். பதினெட்டு வயது ஆனதும் கட்டாயம் போட்டுவிடலாம் என்றார். அதுவரை மூட்டு தாங்குமா என்று ஓட்டுநர் கேட்டார். தாங்காது என்றார்.

அவர் நேராக விளக்க அதிகாரியிடம் போனார். அதிகாரிக்கு அவரைப் பார்த்ததில் சந்தோஷம். இத்தனை நாளில் அவரைத் தேடி இரண்டாவது முறையாக வந்த முதல் மனிதர் இவர்தான்.

"நான் அந்தப் பிள்ளையைக் காப்பாத்தத்தான் சார் அப்படிச் சொன்னேன்" என்றார் ஓட்டுநர். அவசரத்தில், தானும் பதில் சொன்ன ஆயிரம் பேரில் ஒருவர் என்பதை உளறிவிட்டார். ஆனால் தன் மகள் நோயாளி என்று போன முறை இதே அறையில் சொன்னது அதிகாரிக்கு நினைவிருக்கவில்லை. அவர் வந்தவர்கள் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லாதவர்.

"சரியாத்தான் சொன்னீங்க. வலியிலேர்ந்து தப்பிக்க எத்தனை வருஷம் கொடுக்கத் தயாரா இருக்கீங்களோ, அந்த வலி அவ்வளவு பெரிசு. நீங்க ஒண்ணுமே கொடுக்கலை. அப்ப வலி ஒண்ணுமே இல்லைன்னுதானே அர்த்தம்? ஒரு சாமானுக்கு யாரும் காசு கொடுக்கலைன்னா அது குப்பைன்னுதானே சொல்லுவோம்?"

"அப்ப நான் அந்தப் பிள்ளையைச் சாகடிச்சிருந்தா?"

"எண் கீழ இறங்கியிருக்கும். ஊசிக்கு வழி பிறந்திருக்கும்." அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "வருத்தப்படாதீங்க. சில பேரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேக்கப்போறோம், முன்ன சொன்னதையே சொல்றாங்களான்னு. பொதுமக்கள் மனசு மாறியிருந்தா வாரியம் மறுபடி யோசிக்கும். வாரியத்துக்கும் மனசு இருக்கு சார்."

ஓட்டுநர் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார்.  மனைவி திட்டுவார் என்று எதிர்பார்த்தார், திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மனைவி மகளின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கப் போனார்.

திரும்பக் கூப்பிட்டவர்களில் இவரும் இருந்தார். அன்று பள்ளிக்கூடம் இல்லை, மனைவிக்கு லீவும் கிடைக்கவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு போய், மேல்மாடி நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, யார் கேட்டாலும் சும்மா வந்தேன் என்று சொல் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதே பெண்தான் இருந்தாள். அதே பத்து வயதுக் குழந்தை. இத்தனை மாதத்தில் அதற்கு ஒரு வயதும் கூடவில்லை, பெயரும் வைக்கவில்லை.

பத்து வருடம் வலியோடு, அல்லது ஒன்பது வருடம் வலியில்லாமல். இரண்டாவதை அழுத்தினார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு எட்டு என்றாள். அழுத்தினார். ஏழு. அழுத்தினார். எத்தனையோ வருடம் ஒரு நாய்க்குட்டியைக்கூட அடித்துவிடாமல் வண்டி ஓட்டிய ஆள் அவர். ஐந்துக்கு வந்தபோது விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. முகம் இல்லாத அந்தக் குழந்தையிடம், உன்னை எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்த ஒருத்தி வெளியே உட்கார்ந்திருக்கிறாள், கோபித்துக்கொள்ளாதே என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு அழுத்தினார். அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. பதிலைச் சேமிக்கப் போனாள்.

கதவு திறந்தது. தத்துக்கிளி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்து உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டுவிட்டது, பாத்ரூம் போக வேண்டும் என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். அப்பா என்று கூப்பிடவில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது அவ்வளவு நன்றாக ஞாபகம் இருந்தது. அவளுக்குப் பின்னாலேயே, ஏதோ வேலையாக மாடிக்கு வந்திருந்த விளக்க அதிகாரியும் வந்துவிட்டார்.

"யாரோட குழந்தை இது?"

கேள்விப் பெண் ஓட்டுநரைப் பார்த்தாள். பேசாமல் இருங்கள் என்று அவள் கண் கெஞ்சியது. யாரோ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதில் நிற்கும். ஓட்டுநர் மகளைப் பார்த்தார். கதவின் கைப்பிடியைப் பிடிக்க விரல் மடங்காமல் அவள் மணிக்கட்டை அதில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணு சார்" என்றார்.

அதிகாரி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முழங்காலில் பார்வை நின்றது. பிறகு, உண்மையான வருத்தத்தோடு, பாதிக்கப்பட்ட தகப்பனின் பதில் செல்லாது என்று அறிவித்தார். இன்றைய பதில் ரத்து.

"சரி. அப்ப முதல் தடவை சொன்னதும் செல்லாதுதானே? அதையும் எடுத்துடுங்க."

"அது அச்சாயிடுச்சே சார். அச்சானதுல பாரபட்சம் இருக்காது."

ஓட்டுநர் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். கணினி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு மதிப்பீடு எப்போது என்று கேட்டார். அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் சேர்க்க யோசனை இருப்பதாக அதிகாரி சொன்னார்.

மகளைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய் வந்தபோது லிஃப்ட் உயரதிகாரிகளை ஏற்றப் போயிருந்தது. தூக்கிக்கொள்கிறேன் என்றார். ஆட்கள் பார்க்கிறார்கள், வேண்டாம் என்றாள். திரும்பி நின்று, கைப்பிடிக் கம்பியை முழங்கையால் அணைத்துக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தாள். அவர் இரண்டு படி கீழே நின்றுகொண்டார்.

கீழிருந்து இயக்குநர் நான்கைந்து பேர் சூழ ஏறி வந்தார். லிஃப்ட் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டதில் எரிச்சலாக இருந்தாலும் குழந்தையைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பாருங்க, பின்பக்கமா நடந்து விளையாடுது. இதுங்களுக்கு ஏது துன்பம்?" என்றார் கூட வந்தவர்களிடம்.

"விளையாடல சார்" என்றாள் தத்துக்கிளி. "இப்படி இறங்கினா கொஞ்சம் கம்மியா வலிக்கும்."

இயக்குநர் ஒரு கணம் யோசித்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், குழந்தைகள் எதற்கும் பழகிக்கொள்கிறார்கள், பழகிவிட்டால் துன்பம் இன்னும் குறைந்துவிடுகிறது, இதை அடுத்த அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்றார். அவர் குறித்துக்கொண்டார். எல்லோரும் ஓரமாக விலகி மேலே ஏறப் பார்த்தார்கள். ஓட்டுநர் கையை நீட்டிச் சுவருக்கும் கம்பிக்கும் குறுக்கே வைத்தார்.

"அவ இறங்கட்டும். அப்புறம் போங்க."

குரல் உயரவில்லை. ஆனால் அந்தக் கையைத் தாண்ட யாருக்கும் துணிவு வரவில்லை. எல்லோரும் படியில் அவரவர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். தத்துக்கிளி ஒரு படி இறங்கி, மூச்சு விட்டு, அடுத்த படிக்குக் காலால் துழாவினாள். இயக்குநர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார். கொஞ்சம் பொறுத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சீக்கிரம் ஆகட்டும்ப்பா. எனக்கு முட்டி சரியில்லை. ஊசி போட்டுக்கிட்டிருக்கேன், அப்படியும் ரொம்ப நேரம் நிக்க முடியாது."

தத்துக்கிளி நின்றாள். கம்பியை விடாமல் தலையை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தாள். அப்பா சொல்லிக்கொடுத்த எதுவும் அவளுக்கு அப்போது நினைவில் இல்லை.

"உங்களுக்கு ஏறும்போது வலிக்குமா, இறங்கும்போது வலிக்குமா?" என்று கேட்டாள்.

இயக்குநர் சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்தார். அவரிடம் அதை இதுவரை யாரும் கேட்டதில்லை போலும்.

"இறங்கும்போதுதான்ம்மா" என்றார்.

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த படிக்குக் காலை இறக்கினாள்.